மூலைக்கு ஒரு பங்கு

சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகிற பாதையில்,
தகரக் கூரைக் களஞ்சியம் ஒன்றை
இரண்டு அறைகளாக்கி வைத்திருக்கிறோம்.
நடுச்சுவரில் ஒரு திறப்பு, திறப்பில் பலகை.
இந்தப் பக்கம் சத்தம், அந்தப் பக்கம் மிச்சம்.
மிச்சத்தை அளப்பது என் வேலை.

உயர்ந்த சுருதிகள் சொன்ன பேச்சுக் கேட்கும்.
விசில், தையல் மெசின், பிள்ளையின் வீறிடல்,
எல்லாம் ஆயிரம் திசையில் தெறித்து
அறை முழுக்க ஒரே சீராய் நிரம்பும்.
ஒலிவாங்கியை எங்கே வைத்தாலும் ஒரே எண்.

ஐம்பது ஹேர்ட்ஸ் அப்படியில்லை.
அதன் அலை ஏழு மீற்றர்,
எங்கள் அறையின் அகலம் மூன்றரை.
பாதி அலை கச்சிதமாய் உள்ளே அடங்கி
இரண்டு சுவரிலும் முட்டுக்கொடுத்து நின்று
நடுவில் இல்லாமல் போகிறது.

"இல்லாமல் எண்டால்?" நௌஸாத் கேட்டான்.
நடுவில் போய் நில் என்றேன்.
நின்றான். ஒன்றுமில்லை.
மூன்று எட்டு வைத்து மூலைக்குப் போனான்.
"சட்டைப் பொத்தான் நடுங்குது மிஸ்."

திங்கள் அளந்தது இருபத்துநான்கு டெசிபல்.
செவ்வாய், ஒலிவாங்கியை ஒரு முழம் நகர்த்த, பதினைந்து.
புதன், சரியாக நடுவில், முப்பத்தொன்று.
வியாழன் சீமெந்துக் கப்பலொன்று வந்து
இயந்திரத்தை அணைக்காமல் கிடந்தது,
அன்று பலகையே இல்லாத மாதிரி ஒன்பது.
அதே பலகை, அதே பதினெட்டுத் திருகாணி.

செய்துதந்த மார்க்கண்டு முதலாளி
இருபத்துநான்கை அச்சடிக்கக் கேட்டார்.
"ஒருக்கா வந்ததுதானே, பொய்யில்லையே."
பொய்யில்லை.
அதுதான் கரைச்சல்.

பலகை போகப்போவது மூதூருக்கு,
பிரசவ வாட்டின் பின்சுவருக்கு.
சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர்.
பாலங்களைக் கடந்து பார்க்கப் போனேன்.
மருத்துவிச்சி ஸில்மியா சொன்னாள்:
"சத்தமில்ல மிஸ், பாரம்.
கரண்ட் போற ராவையில
நெஞ்சில ஆரோ கை வச்ச மாதிரி."

வாட்டின் நடு நிலம் வெறுமை,
தள்ளுவண்டி திரும்புவதற்கு.
கட்டில்கள் சுவரோடு.
தொட்டில்கள் நாலும் நாலு மூலையில்,
அங்கேதான் காற்று நேரே அடிக்காது என்றாள்.

திரும்பும்போது பேருந்தில்
என் ஒலிவாங்கி நின்ற இடங்களை எண்ணிப் பார்த்தேன்.
எல்லாம்
ஒருவரும் படுக்காத இடங்கள்.

பிறகு,
மெல்லிய ஒட்டுப்பலகையில் பெட்டிகள் அடித்து
உள்ளே கற்பஞ்சு திணித்துச் சுவரோரம் நிறுத்தினோம்,
அறையின் பிடிவாதம் கொஞ்சம் தளரட்டுமென்று.
மூலை மூலையாக அளந்தோம்.
கூடினதை எடுத்து மூலைக்கு ஒரு பங்கு,
வெளிக்கு இரண்டு பங்கு, மூன்றால் வகுத்து.
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் இடையில்,
கப்பல் அசையாத நேரம் பார்த்து.
ஒருநாள் பெட்டி செய்த மட்டையை
மான் ஒன்று வாசலில் நின்று மென்றுகொண்டிருந்தது.
அது போகும்வரை அளக்கவில்லை.

பதினெட்டு.
மறுநாள் பதினெட்டு.
கழற்றி, திரும்பப் பூட்டி, பதினேழரை.
எண் முதல்தடவையாகத் தன் சொல்லில் நின்றது.

மார்க்கண்டு முதலாளி இரண்டு கிழமை பேசவில்லை.
பிறகு ஒரு காலை, வணக்கம்கூடச் சொல்லாமல்,
"இன்னொரு அடுக்குப் போட்டால் எத்தனை வரும்?"
தெரியாது, கொண்டுவாருங்கோ என்றேன்.

இப்போது வெளியே ஏதோ பெரிய கப்பல் புறப்படுகிறது.
காதுக்கு ஒன்றுமில்லை.
மேசையில் பிளேன்ரீயின் முகத்தில்
வளையம் வளையமாய் ஏதோ எழுதி அழிகிறது.
முப்பதுக்குக் கீழே
எங்கள் அட்டவணை வெறும் கோடு.
நௌஸாத் கோப்பையைப் பார்க்கிறான்,
நான் பேனையைத் தேடுகிறேன்.